பெற்றோரை நிரந்தரமாக அழைத்துக்கொள்ள: பொள்ளாச்சியிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

பொள்ளாச்சி, ஆனைமலை, கோட்டூர், கிணத்துக்கடவு பக்கத்துத் தோட்டங்களில் வயதான இருவர் மட்டும் இருக்கும் வீடுகள் இன்று ஏராளம். பிள்ளைகள் மகாலிங்கம் கல்லூரியிலோ கோயம்புத்தூர்க் கல்லூரிகளிலோ படித்து, பெங்களூரில் நாலு வருஷம் வேலை பார்த்து, அங்கிருந்து டல்லாஸ், டொராண்டோ, மெல்போர்ன் என்று போய்விட்டார்கள். அப்பா ஒருமுறை வழுக்கி விழுந்தாலும் அங்கே பேத்தி பிறந்தாலும் போனில் அந்தப் பேச்சு வந்துவிடுகிறது: "ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்க."

அந்தப் பேச்சுக்குப் பிறகு செய்ய வேண்டியவற்றைச் சொல்வதற்காகவே இந்த அத்தியாயம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை தன் பொறுப்பில் பெற்றோரை நிரந்தரக் குடிவாசிகளாக அழைப்பதைத்தான் ஸ்பான்சர் செய்வது என்கிறோம். கணவன் மனைவியை அழைப்பதும் தம்பி தங்கையை அழைப்பதும் இதிலேயே இடையிடையே வரும். வரிசையின் நீளமும் அதிகாரியின் முடிவும் உங்கள் கையில் இல்லை. போக வேண்டுமா என்ற முடிவும், ஊரில் எடுக்க வேண்டிய ஆவணங்களும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. அவற்றுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் அம்மாவைக் கேளுங்கள்

பெரும்பாலான வீடுகளில் மகனும் அப்பாவும் பேசி முடிவெடுத்து, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் நாளில்தான் அம்மாவுக்கு விவரம் தெரிகிறது. "அங்க போயி நாலு செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமா கண்ணு?" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். கார் ஓட்டத் தெரியாத, ஆங்கிலம் பேசாத ஒருவருக்கு அமெரிக்கப் புறநகர் வீடு எப்படி இருக்கும் என்பதை அவர் சரியாகவே கணித்திருந்தார். பகல் முழுக்க மகனும் மருமகளும் வேலைக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேச முடியாது. டிசம்பரில் வெளியே கால் வைக்க முடியாது.

ஆகவே மனுப் போடும் முன் இருவரும் சுற்றுலா விசாவில் போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்து பாருங்கள். மே மாதம் போய் ஜூலையில் திரும்பிவிட்டு "நல்லா இருக்குது" என்று சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள். திரும்பி வந்தபின் அப்பாவையும் அம்மாவையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் மனசில்லாமல் போகும் வீட்டில் இரண்டு பேருமே நிம்மதியாக இருப்பதில்லை.

அமெரிக்கா: குடியுரிமை வந்த பிள்ளைக்கு மட்டும்

பெற்றோருக்காக மனுச் செய்யும் உரிமை அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிறைந்த பிள்ளைக்கே உண்டு. கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்கும் மணமாகாத பிள்ளைகளுக்கும் மனுப் போடலாம். அப்பா அம்மாவுக்கு முடியாது. எச்-1பி விசாவில் இருப்பவர் யாரையுமே நிரந்தரவாசியாக அழைக்க முடியாது. "பையன் போயி பன்னெண்டு வருசமாச்சுங்களே" என்று பலர் கேட்கிறார்கள். எத்தனை வருஷம் இருந்தார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை. இந்தியாவில் பிறந்தவர்களுக்கான வேலைவழி கிரீன் கார்டு வரிசை மிக நீளமானது. இ.பி.-2 பிரிவில் 2025-ஆம் ஆண்டில்தான் 2013-இன் தொடக்கத்தில் பதிவான மனுக்களுக்கு முறை வந்தது. கிரீன் கார்டு கிடைத்தபின் பொதுவாக 5 ஆண்டு கழிந்தால்தான் குடியுரிமை கேட்கலாம்.

குடியுரிமை வந்துவிட்டால் பெற்றோருக்கு வரிசை கிடையாது. ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற உச்சவரம்பு அவர்களைக் கட்டுப்படுத்தாது. ஐ-130 என்ற மனுவை அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரே மனுவில் இருவரும் வருவார்கள் என்று நினைத்து ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு, மற்றவருக்காக மறுபடி முதலிலிருந்து காத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே கட்டணம், ஆவணங்கள், பிள்ளையின் வருமான உறுதிமொழியான ஐ-864 ஆகியவை சேர வேண்டும். நேர்காணல் பெரும்பாலும் மும்பையில்.

ஐ-864-இல் பிள்ளையின் வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 125 விழுக்காடாவது இருக்க வேண்டும். மகன், மருமகள், ஒரு குழந்தை, அழைக்கப்படும் பெற்றோர் இருவர் என ஐந்து பேர் கணக்குக்கு 2025-ஆம் ஆண்டு அளவுப்படி இது ஏறத்தாழ 47,000 டாலர். மென்பொருள் வேலையில் இருப்பவருக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தக் கையெழுத்து சட்டப்படி செல்லும் ஒப்பந்தம். பெற்றோர் குடியுரிமை பெறும்வரையோ, 40 காலாண்டு வேலைக் கணக்கு சேரும்வரையோ, நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்வரையோ, இறக்கும்வரையோ நீடிக்கும். மருமகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் தம்பியோ தங்கையோ பெற்றோரின் மனுவோடு ஒட்டிக்கொண்டு வர முடியாது. பெற்றோர் கிரீன் கார்டு பெற்றபின் தாங்களாக அந்தப் பிள்ளைக்கு மனுப் போட வேண்டும். 21 வயது தாண்டியவர் என்றால் பல ஆண்டு காத்திருப்பு. அந்த இடைவெளியில் கல்யாணம் ஆனால் மனு செத்துவிடும், ஏனென்றால் கிரீன் கார்டு வைத்திருப்பவர் மணமான பிள்ளைக்கு மனுச் செய்ய இயலாது. ஜாதகம் கையில் வைத்துக்கொண்டு வரன் பார்க்கும் நம் வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. தங்கையின் கல்யாணத்தை விசாவுக்காகத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் தேதி குறிக்கும் முன் எதை இழக்கிறோம் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும்.

உடன்பிறந்தவரை அழைக்கும் வழி அமெரிக்காவில் உண்டு. அழைப்பவர் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். 2025 இறுதியில் அந்தப் பிரிவில் இந்தியர்களுக்கு 2006-இல் பதிவான மனுக்களே எடுக்கப்பட்டன. மனுப் போட்டு வையுங்கள், கெடுதல் இல்லை. அதை நம்பி இங்கே வேலையை விடவோ தோட்டத்தை விற்கவோ கூடாது.

சுற்றுலா விசாவில் போய் அங்கேயே கிரீன் கார்டுக்கு மாறிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். விமான நிலையத்தில் "பேரனைப் பாத்துட்டு வந்துருவோம்" என்று சொல்லிவிட்டு, மனசில் தங்கும் திட்டத்தோடு போனால் அது பொய் சொல்லி நுழைந்ததாகக் கருதப்படும். அந்தப் பழி ஒருமுறை ஏறினால் ஆயுளுக்கும் தொடரும். நேர்வழி நீளமாக இருந்தாலும் அதையே பிடியுங்கள்.

கனடா: நிரந்தர அனுமதி குலுக்கலில், நீண்ட வருகை கைக்கெட்டும் தூரத்தில்

கனடாவில் நிரந்தரவாசியாக இருக்கும் பிள்ளையே பெற்றோரை அழைக்கலாம். குடியுரிமை வரை காத்திருக்க வேண்டாம். இடம்தான் குறைவு. 2020 அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவம் பதிந்தவர்களின் பட்டியலை வைத்தே அதற்கடுத்த ஆண்டுகளிலும் அழைப்பு அனுப்பினார்கள். 2025-இல் 17,860 பேருக்கு அழைப்பு போனது. ஏற்க இருந்தது 10,000 விண்ணப்பம். 2020-க்குப் பிறகு கனடா போன பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலில் பெயரே இல்லை. அழைப்பு வந்தவர்களும் தொடர்ந்து மூன்று வரி ஆண்டுகளுக்கான வருமானம் காட்ட வேண்டும். பெற்றோருக்கான பொறுப்பு 20 ஆண்டு, கியூபெக்கில் 10.

இதற்கு மாற்றாக சூப்பர் விசா இருக்கிறது. 2011 டிசம்பரில் வந்தது. 2022 ஜூலை முதல் ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டு வரை தங்கலாம். விசா 10 ஆண்டு வரை பலமுறை போய்வரச் செல்லும். பிள்ளையின் வருமானச் சான்றும், குறைந்தது ஒரு வருஷத்துக்கு 1,00,000 கனடா டாலர் மருத்துவக் காப்பீடும் வேண்டும். காப்பீட்டுப் பிரீமியம் வயது ஏற ஏற உறைக்கும். சர்க்கரை, இதய நோய் இருந்தால் இன்னும் கூடும். அப்படியும், தோட்டத்தை விட மனமில்லாத பொள்ளாச்சிப் பெற்றோருக்கு இதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு வந்து, மாசாணியம்மன் குண்டம் முடித்து, வெயில் ஏறும்போது திரும்பிப் போகலாம். எத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

கனடாவில் இளம் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. நிரந்தரவாசி விண்ணப்பத்தில் மனைவி, குழந்தை எல்லோரையும், உடன் வராதவர்களையும் சேர்த்து, எழுத வேண்டும். விண்ணப்பம் நடக்கும்போது கல்யாணம் ஆகி, "அப்புறம் சொல்லிக்கலாம்" என்று விட்டால், மறைக்கப்பட்ட அந்த மனைவியைப் பின்னால் குடும்பப் பிரிவில் அழைக்க வழி ஏறத்தாழ அடைபட்டுவிடும். ஆவணியில் நிச்சயம், தையில் கல்யாணம் என்று வேகமாக நடக்கும் வீடுகளில் இந்தப் பிழை எளிதாக நேர்ந்துவிடும்.

ஆஸ்திரேலியா: பிள்ளைகளை எண்ணிப் பார்க்கும் சட்டம்

இங்கே குடும்பச் சமநிலைச் சோதனை என்று ஒன்று உண்டு. உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேராவது ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வாழ வேண்டும். அல்லது வேறெந்த ஒரு நாட்டில் இருப்பதைவிடவும் ஆஸ்திரேலியாவில் அதிகப் பிள்ளைகள் இருக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளில் ஒருவர் சிட்னியில், ஒருவர் பொள்ளாச்சியில் என்றால் பாதி ஆகிவிட்டது, தேறிவிடும். மூன்று பேரில் ஒருவர் சிட்னி, ஒருவர் டெக்சாஸ், ஒருவர் பொள்ளாச்சி என்றால் பாதியும் இல்லை, அதிகமும் இல்லை, தேறாது. கல்யாணமாகிப் போன மகளும் இந்தக் கணக்கில் ஒரு பிள்ளைதான். "அவ கட்டிக் குடுத்த புள்ளைங்க" என்று விண்ணப்பத்தில் விட்டுவிடக் கூடாது.

தேறினாலும் கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்கு 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று அந்த நாட்டு உள்துறையே சொல்கிறது. பங்களிப்புப் பெற்றோர் விசா அதைவிட விரைவு. ஆனாலும் பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். தலைக்கு 47,000 ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் கட்ட வேண்டும். அறுபத்தைந்து வயதில் விண்ணப்பிக்கிறவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2019-இல் தொடங்கிய 870 என்ற தற்காலிக விசாவுக்குச் சமநிலைச் சோதனை கிடையாது. 3 அல்லது 5 ஆண்டு, மொத்தம் 10 ஆண்டு வரை இருக்கலாம். அங்கே வேலை பார்க்க முடியாது, அது நமக்குத் தேவையுமில்லை.

பிரிட்டனில் 2012 ஜூலை முதல் பெற்றோருக்கான கதவு கிட்டத்தட்டச் சாத்திய நிலைதான். அன்றாட வேலைகளுக்கே மற்றவர் துணை தேவைப்பட்டு, அந்தப் பராமரிப்பு இந்தியாவில் கிடைக்கவே கிடைக்காது என்று நிரூபிக்க வேண்டும். ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ள முடிகிற ஊரிலிருந்து இதை நிரூபிப்பது கடினம். வளைகுடா நாடுகளில் குடும்ப விசா உண்டு, ஆனால் அது பிள்ளையின் வேலையைப் பொறுத்தது. வேலை போனால் விசாவும் போகும்.

பெயர், தேதி, ஊர்

இனி ஊர் வேலைக்கு வருவோம். எந்த நாடானாலும் இரண்டு கேள்விகளுக்குத் தாளில் விடை வேண்டும்: இவர் யார், இவர் அந்தப் பிள்ளைக்கு அப்பாவா அம்மாவா. சிக்கல் பெரும்பாலும் பெயரிலேயே தொடங்குகிறது.

பழனிச்சாமி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழில் 'க. பழனிச்சாமி'. மகனின் பிறப்புப் பதிவில் தந்தை பெயர் 'பழனிசாமி கவுண்டர்'. நிலப்பத்திரத்தில் 'கந்தசாமி மகன் பழனியப்பன்', ஏனென்றால் பத்திரம் எழுதிய நாளில் வீட்டில் கூப்பிட்ட பெயரைச் சொல்லிவிட்டார்கள். ஆதாரில் ஒரு எழுத்து குறைவு. பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்து அப்பா பெயரைச் சேர்த்திருக்கிறார்கள். ஊருக்கு எல்லாம் ஒரே ஆள்தான். மும்பையில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இவர்கள் ஐந்து பேர்.

அம்மாவின் காகிதங்கள் இதைவிடச் சிக்கல். பள்ளியில் அப்பாவின் முதலெழுத்து, ரேஷன் அட்டையில் கணவரின் முதலெழுத்து, வங்கியில் முதலெழுத்தே இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டு, இயற்பெயர்க் கட்டத்தில் மட்டும் பெயர் எழுதியிருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடும். முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியாது' என்று பொருள்படும் எஃப்.என்.யு. என்ற மூன்றெழுத்து விழும். பின்னால் வங்கி, ஓட்டுநர் உரிமம், காப்பீடு என்று ஒவ்வொரு இடத்திலும் அது தொடரும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும் வாய்ப்பு வரும்போதே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள். கோயம்புத்தூர் மண்டலப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் எல்லைக்குள்தான் பொள்ளாச்சியும் வருகிறது.

திருத்தத்துக்கு ஒரு முறை வையுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை அடிப்படையாக எடுத்துக்கொண்டு, ஆதார், பான், வங்கி மூன்றையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பழைய பள்ளிச் சான்றையும் நிலப்பத்திரத்தையும் மாற்றப் போக வேண்டாம். அவற்றுக்கு 'இந்தப் பெயர்களெல்லாம் ஒரே ஆளைக் குறிப்பவை' என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் எழுதி வைத்தால் பெரும்பாலும் போதும். பெயரே முற்றிலும் வேறு என்றால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டும். அதற்கு ஆகும் காலத்தையும் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது பிறப்புச் சான்றிதழ். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த பெற்றோருக்குச் சான்றிதழ் இல்லாமல் போவது இயல்பு என்பதை அமெரிக்கத் தூதரகமே ஏற்றுக்கொள்கிறது. பதிவு இல்லை என்று உள்ளாட்சி அலுவலகம் தரும் 'பதிவு இன்மைச் சான்று', பள்ளிச் சான்று, விவரம் தெரிந்த மூத்த உறவினரின் உறுதிமொழி ஆகியவற்றை வைத்து முடிக்கலாம். அந்த மூத்த உறவினர் இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெரியம்மாவுக்கு எண்பத்தைந்து வயது என்றால் இதைத் தள்ளிப்போட நேரமில்லை.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்தான் உறவை நிரூபிக்கும் முக்கியமான தாள். அதை எங்கே தேடுவது என்பதில் நம் பக்கத்துக்கு ஒரு தனிச் சிக்கல். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கும். தாய்வீடு உடுமலையாக இருக்கலாம்; அது அன்று கோவை மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். சித்தூரோ கொழிஞ்சாம்பாறையோ என்றால் பதிவு கேரளத்தில், தாள் மலையாளத்தில் இருக்கும். பொள்ளாச்சி நகராட்சியில் தேடிவிட்டு "பதிவே இல்லை" என்று முடிவுகட்டாதீர்கள். பிரசவம் எந்த ஊரில், எந்த ஆஸ்பத்திரியில் என்று பாட்டியைக் கேளுங்கள். கிராமத்துப் பழைய பதிவேடுகளைச் சார் பதிவாளர் அலுவலகத்திலும் தேடிப் பார்க்க வேண்டும். சான்று கிடைத்தும் அதில் குழந்தையின் பெயர் இல்லாமல் 'ஆண்' என்று மட்டும் இருந்தால், பெயர் சேர்க்கைக்கு அதே அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். பதிவே இல்லாதவர்கள் தாமதப் பதிவுக்கு முன்பு குற்றவியல் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது; 2023 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்த அதிகாரத்தை வருவாய்த்துறை அதிகாரிகளிடம் கொடுத்திருக்கிறது. நம் தாலுகாவுக்குப் பொள்ளாச்சி சார் ஆட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பள்ளியில் வாத்தியார் போட்ட தேதியும் உண்மையான தேதியும் வேறாக இருப்பது அந்தத் தலைமுறையில் சர்வசாதாரணம். எல்லாத் தாள்களிலும் பள்ளித் தேதியே இருந்தால் அதையே தொடருங்கள். விசாவுக்காகப் புதுத் தேதியில் ஒரு சான்றிதழ் 'ஏற்பாடு' செய்வது மட்டும் வேண்டாம். இரண்டாயிரத்துக்கு வாங்கும் அந்தத் தாள் முழுக் கோப்பையும் கெடுத்துவிடும்.

திருமணச் சான்று பெற்றோருக்கும் தேவைப்படும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009 நவம்பரில். 1980-களில் அருமைக்காரர் நடத்திவைத்த கல்யாணத்துக்குப் பத்திரிகையும் ஓரிரு கறுப்பு வெள்ளைப் படமும்தான் மிஞ்சியிருக்கும். வழக்கப்படி நடந்த கல்யாணத்தை இந்து திருமணச் சட்டம் ஏற்கிறது. தம்பதி இருவரும் சாட்சிகளோடு சார் பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போனால் இப்போதும் பதியலாம். புதிதாகக் கல்யாணமாகிக் கணவனிடம் போகும் பெண்களுக்கு இது இன்னும் அவசரம்: மறுவாரமே பதியுங்கள். பெண் பார்த்த நாளில் தொடங்கி, நிச்சயம், சீர், மண்டப ரசீது, இரு வீட்டார் நிற்கும் படங்கள், இடைப்பட்ட மாதங்களின் வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முன்பின் பழகாமல் வீட்டார் பார்த்து முடித்த கல்யாணம் உண்மையானது என்று அந்நிய அதிகாரிக்கு இவைதான் சொல்லும். கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியும் முன் அமெரிக்காவுக்குள் நுழையும் மனைவிக்கு 2 ஆண்டு நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடியும் முன் 90 நாளுக்குள் நிபந்தனை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைப் பெண்ணும் குறித்து வைத்துக்கொள்ளட்டும், கணவனிடம் மட்டும் விட வேண்டாம்.

அட்டை கிடைத்தபின் ஊரில் எத்தனை நாள் இருக்கலாம்

நிரந்தரவாசி அட்டை வாங்கிவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டினால் போதும் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு. ஓராண்டுக்கு மேல் அமெரிக்காவை விட்டு வெளியே இருந்தால் கிரீன் கார்டை வைத்து மட்டும் திரும்ப நுழைய முடியாது. அங்கிருந்து கிளம்பும் முன்னரே மறுநுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது 2 ஆண்டு வரை செல்லும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்ப்பவரையும் "நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கனடாவில் 5 ஆண்டில் 730 நாள் அங்கே இருந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் பயண அனுமதி 5 ஆண்டு. அதற்குப் பிறகு போய்வரத் தனி விசா.

நாற்பத்தைந்து நாளைக்கு ஒருமுறை காய் வெட்டு, கிணற்று மோட்டார், பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலில் தண்ணீர் முறை என்று தானே நின்று பண்ணையம் பார்ப்பவருக்கு இந்த நாள் கணக்கு ஒத்துவராது. தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டவருக்கு ஒத்துவரும்.

மருத்துவமும் இதோடு சேர்ந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்காமல் முதுமையில் வந்தவர் 65 வயதுக்கு மேல் அரசு மெடிகேருக்குத் தகுதி பெறத் தொடர்ந்து 5 ஆண்டு அங்கே வசித்திருக்க வேண்டும். அதுவரை தனியார் காப்பீடு. கனடா பெற்றோருக்கான விண்ணப்பத்தில் மருத்துவப் பரிசோதனையைப் பார்த்து, அரசுக்கு மிகுதியான செலவு வைக்கும் நோய் என்றால் மறுக்கலாம். டயாலிசிஸில் இருப்பவருக்கு இது பெரிய தடை.

தோப்பு, வங்கி, வரி

முதலில் ஆறுதலான செய்தி: நிரந்தரவாசி ஆவதால் இந்தியக் குடியுரிமை போகாது. பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டேதான். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால்தான் அது போகும், பிறகு ஓ.சி.ஐ. அட்டை.

ஏற்கெனவே உங்கள் பெயரில் உள்ள விவசாய நிலம் உங்களுடையதாகவே இருக்கும். யாரும் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வெளிநாடுவாழ் இந்தியர் என்ற நிலைக்கு மாறியபின் புதிதாக விவசாய நிலமோ தோப்போ விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவது வேறு, அது செல்லும். பக்கத்து ஏக்கரை வாங்கிச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் போகும் முன் முடியுங்கள். அண்ணன் தம்பி கூட்டுப் பட்டாவில் இருப்பதைத் தனிப்பட்டாவாக உட்பிரிவு செய்வதையும் அப்படியே. வெளிநாட்டிலிருந்து பங்காளியோடு அளவுக்கல் பேச முடியாது.

சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். நிலம் விற்ற பணத்தை வரி கட்டியபின் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் அமெரிக்க டாலர் வரை அதிலிருந்து வெளியே கொண்டுபோகலாம். அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாகச் சேர இயலாது, பி.எம். கிசான் தொகையும் அவர்களுக்கு இல்லை.

வரி விஷயத்தில்தான் நம் தோட்டக்காரர்கள் அறியாமல் மாட்டுகிறார்கள். தேங்காய் வருமானத்துக்கு இந்தியாவில் வருமான வரி கிடையாது. அமெரிக்காவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் தங்கள் நிரந்தரவாசியின் உலக வருமானம் முழுவதையும் கேட்கும். பொள்ளாச்சியில் காய் விற்ற பணமும் குத்தகைப் பணமும் அதில் அடங்கும். இங்கே வரியே கட்டாததால் அங்கே கழித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கூடுதலாக, இந்திய வங்கிக் கணக்குகளின் மொத்தம் வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் அதைத் தனியாகத் தெரிவிக்க வேண்டும். வைப்பு நிதி போட்டு வைத்திருக்கும் எந்த நடுத்தரக் குடும்பமும் இந்த அளவைத் தாண்டிவிடும். தெரிவிக்காமல் விட்டால் அபராதம் கடுமை. ஆகவே கிளம்பும் முன் இரு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளரிடம் ஒரு மணி நேரம் உட்காருங்கள். அந்தக் கட்டணம் வீண்போகாது.

வெள்ளை ஈயும் வாடல் நோயும் தோப்பின் வருமானத்தைத் தின்றிருக்கும் இந்த நேரத்தில் "வித்துட்டுப் போயிரலாம்" என்ற பேச்சு பல வீடுகளில் கேட்கிறது. முதல் இரண்டு ஆண்டு விற்காதீர்கள் என்பதே என் யோசனை. அங்கே ஒத்துவராமல் திரும்பி வருகிறவர்களுக்கு வந்து இறங்க ஓர் இடம் வேண்டும். நம்பிக்கையான உறவினருக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதுவதானால் கிளம்பும் முன் இங்கேயே பதியுங்கள். பராமரிப்பு, குத்தகை, மின்வாரியம், வரி ஆகியவற்றுக்கு மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்கும் அதிகாரம் வேண்டாம். அங்கே போனபின் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். உயிலையும் இந்தப் பயணத்துக்கு முன்பே எழுதி வைப்பது நல்லது.

கன்சல்டன்சிக்காரர்கள்

கோவையிலும் பொள்ளாச்சியிலும் பலகை மாட்டியவர்களில் நேர்மையாகப் படிவம் நிரப்பித் தருபவர்கள் உண்டு. ஆனால் "எங்களுக்கு உள்ளே ஆள் இருக்குது, வரிசையில முன்னாடி தள்ளிருவோம்" என்று எவர் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். வரிசையில் யாரையும் முன்னால் தள்ள முடியாது. கனடா விவகாரத்தில் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்ல அந்நாட்டுக் குடியேற்ற ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் உரிமம் அல்லது வழக்கறிஞர் பதிவு வேண்டும். ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற முகவர்களுக்கு எண் உண்டு. இரண்டையும் இணையத்தில் சரிபார்க்கலாம். அமெரிக்காவுக்கு அந்நாட்டு வழக்கறிஞர்களும் அரசு அங்கீகாரம் பெற்ற பிரதிநிதிகளும் மட்டுமே. பெற்றோர் மனு பெரும்பாலும் நேரான வேலை. படித்த பிள்ளை தானே அரசு இணையதளத்தில் போட்டுவிடலாம். பழைய விசா மறுப்பு, குற்ற வழக்கு, தத்துப்பிள்ளை, இரண்டாம் திருமணம் ஆகிய நிலைகளில் மட்டும் வழக்கறிஞர் கட்டாயம் வேண்டும்.

இதில் சொன்ன தொகைகளும் வரிசைத் தேதிகளும் மாறிக்கொண்டே இருப்பவை. மனுப் போடும் வாரத்தில் அந்தந்த நாட்டு அரசு இணையதளத்தில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெயரும் பிறந்த தேதியும் பிறந்த ஊரும் மாறாதவை. பெட்டியில் இருக்கும் அப்பா அம்மாவின் பாஸ்போர்ட், ஆதார், பள்ளிச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை மேசை மேல் பரப்பி, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதி, படம் பிடித்துப் பிள்ளைக்கு அனுப்பிவிடுங்கள். எந்த நாட்டுக்கு எப்போது போவதானாலும் அந்தப் பட்டியல் வேண்டியிருக்கும்.